நான், நாங்கள், நாம்: எதிர்ப்புப் பாட்டு எப்படி வேலை செய்கிறது?

போராட்டம் ஜெயித்துவிட்டால், இந்தப் பாட்டுதான் ஜெயிக்க வைத்தது என்கிறோம். தோற்றுவிட்டால், பாட்டுப் பாடிக்கொண்டிருந்தால் எங்கே உருப்படும் என்கிறோம். பாட்டுக்கும் அரசியலுக்கும் உள்ள உறவைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்த இரண்டு வாக்கியத்தோடு முடிந்துவிடுகிறது. பாட்டு நேராக ஆட்சியாளரின் காதில் விழுந்து அவர் மனத்தை மாற்ற வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இரண்டிலும் ஒளிந்திருக்கிறது. அங்கேதான் கோளாறு. எதிர்ப்புப் பாட்டின் முதல் வேலை பாடுகிறவர்களிடமே நடக்கிறது. ஆட்சியாளர் காதில் விழுவதெல்லாம் பிறகுதான்.

எதிர்ப்புப் பாட்டு என்று இங்கே சொல்வது, ஓர் அநியாயத்தை எதிர்த்துக் கூடியவர்கள் சேர்ந்து பாடும் பாட்டை. கோபமான வரிகள் கொண்ட ஒரு பாட்டை வீட்டில் உட்கார்ந்து கேட்பது வேறு. அதற்கும் பயன் உண்டு. அதைப் பின்னால் பார்ப்போம்.

## கரைவலை இழுக்கும்போது என்ன நடக்கிறது?

கடற்கரையில் கரைவலை இழுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். முப்பது பேர் கயிற்றைப் பிடித்திருக்கிறார்கள். ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் வலை நகராது. ஒருவர் இழுக்கும்போது இன்னொருவர் தளர்த்தியிருப்பார். ஒருவர் 'ஏலேலோ' என்று எடுக்க, மற்றவர்கள் 'ஐலசா' என்று முடிக்கும் இடத்தில் எல்லோருடைய பலமும் ஒரே நொடியில் கயிற்றில் ஏறுகிறது. பாட்டு யாருக்கும் புதிதாகப் பலம் கொடுக்கவில்லை. இருந்த பலத்தை ஒரே நேரத்துக்குக் கொண்டுவந்தது, அவ்வளவுதான்.

நடவுப் பாட்டில் இன்னொன்று நடக்கிறது. காலையிலிருந்து குனிந்தே இருக்கும் இடுப்புக்கு நேரம் போவது தெரிவதில்லை, வரிசையும் கலைவதில்லை. மார்கழி பஜனையில் மூன்றாவதாக ஒன்று. தெருமுனையில் சேர்ந்துகொள்ளும் புதியவருக்கும் மெட்டு ஏற்கெனவே தெரியும். இரண்டாவது வரியிலேயே அவர் குரலும் சேர்ந்துவிடும்.

பலத்தை ஒருங்கே சேர்ப்பது, களைப்பைத் தாங்க வைப்பது, புதியவரை உடனே உள்ளே இழுப்பது. போராட்டக் களத்தில் பாட்டு செய்வதும் இதே மூன்றுதான். அங்கே கூடுதலாக ஒன்று உண்டு: பயம்.

## இருட்டில் ஒரு பாட்டு

1961-ல் அமெரிக்காவின் தென் மாநிலங்களில், கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒரே பஸ்ஸில் சேர்ந்து உட்கார்ந்து பயணம் செய்யும் போராட்டம் நடந்தது. மிசிசிப்பி மாநிலம் அவர்களில் சுமார் 300 பேரைச் சிறையில் தள்ளியது. பலரும் போய்ச் சேர்ந்தது பார்ச்மன் என்ற கொடுஞ்சிறை. அங்கே பக்கத்து அறையில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க முடியாது. குரல் மட்டும் கேட்கும். ஒருவர் பாட ஆரம்பித்தால், அடுத்தடுத்த அறைகளிலிருந்து குரல்கள் சேர்ந்துகொள்ளும். தான் தனியாக இல்லை என்று தெரிந்துகொள்ள அந்த இடத்தில் வேறு வழியே கிடையாது. பாட்டை நிறுத்தாவிட்டால் மெத்தையை எடுத்துவிடுவோம் என்றார்கள் காவலர்கள். மெத்தை போனது, பல் துலக்கும் பிரஷ் போனது, பாட்டு நிற்கவில்லை.

அதற்குச் சற்று முன், டென்னசி மாநிலத்தில் ஹைலாண்டர் என்ற பயிற்சிப் பள்ளியில் நடந்ததை இன்னும் கிட்டத்தில் பார்க்கலாம். இரவில் போலீஸ் புகுந்து சோதனை போட்டது. விளக்குகள் அணைந்தன. உள்ளே இருந்தவர்களில் ஜமீலா ஜோன்ஸ் என்ற 14 வயதுப் பெண்ணும் ஒருத்தி. எல்லோரும் பாடிக்கொண்டிருந்த பாட்டில் 'நாங்கள் பயப்படவில்லை' என்று ஒரு புது அடியை அவள் சேர்த்தாள். இருட்டில் மற்றவர்களும் அதையே திருப்பிப் பாடினார்கள். பாடித்தான் ஆக வேண்டுமென்றால் இவ்வளவு சத்தமாகவா பாட வேண்டும் என்று ஒரு போலீஸ்காரர் கேட்டதையும், அவர் கையிலிருந்த துப்பாக்கி நடுங்கியதையும், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பதிவுசெய்த பேட்டியில் ஜமீலா பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அந்தப் போலீஸ்காரர் மனம் மாறிவிடவில்லை. சோதனையும் நிற்கவில்லை. உள்ளே இருந்தவர்களின் பயம் மட்டும் இறங்கியது. பயந்து ஓடாத கூட்டம்தான் மறுநாளும் வரும். பாட்டு அரசியலாவது இந்த இடத்தில்.

## மெட்டைக் கடன் வாங்குதல்

அந்த இருட்டில் பாடப்பட்டது 'வீ ஷல் ஓவர்கம்', அதாவது 'நாங்கள் வெல்வோம்'. 'ஹம் ஹோங்கே காம்யாப்' என்று இந்தியில் நம் பள்ளிகளில் பாடப்படுவதும் இதே மெட்டுதான். போராட்டத்துக்கென்று ஒருவர் உட்கார்ந்து எழுதிய பாட்டு இல்லை இது. பிலடெல்பியாவில் போதகராக இருந்த சார்லஸ் டிண்ட்லி 1901-ல் 'ஒருநாள் நான் வென்று கடப்பேன்' என்ற பொருளில் ஒரு கீர்த்தனை வெளியிட்டார். அந்தச் சொற்கள் கறுப்பர்களின் சபைகளில் பரவி, வேறு மெட்டுகளோடு கலந்து வளர்ந்தன.

1945 அக்டோபரில் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் சுருட்டுத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள். குளிர்காலம் முழுக்க ஆலை வாசலில் மறியல். நாள் முடிந்து கலையும்போது லூசில் சிம்மன்ஸ் என்ற தொழிலாளி அந்தச் சபைப் பாட்டை மெதுவாக, இழுத்துப் பாடுவார். அங்கே 'நான்' என்ற சொல் 'நாங்கள்' ஆனது. ஒரே ஒரு சொல். தனி ஆத்மாவின் வேண்டுதல் ஒரு வேலைநிறுத்தத்தின் உறுதிமொழியாகிவிட்டது.

தெரிந்த மெட்டில் புதுச் சொல்லை ஏற்றுவதற்கு நம்மிடம் பழைய பெயர் இருக்கிறது: வர்ணமெட்டு. பழைய பாட்டுப் புத்தகங்களில் பாட்டின் தலையில் 'இன்ன பாட்டின் வர்ணமெட்டு' என்று அச்சிட்டிருப்பார்கள். ஸ்வரம் படிக்கத் தெரியாதவரும் அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டுப் பாடிவிடலாம். காகிதச் செலவில்லாத ஸ்வரக்குறிப்பு அது.

பாரதியார் இதில் வல்லவர். 'வீர சுதந்திரம் வேண்டி நின்றார் பின்னர் வேறொன்று கொள்வாரோ' என்ற பாட்டை, 'தில்லை வெளியிலே கலந்துவிட்டாலவர் திரும்பியும் வருவாரோ' என்ற நந்தனார் சரித்திரப் பாட்டின் வர்ணமெட்டில் அமைத்தார். பழைய பாட்டின் பொருளும் மெட்டோடு ஒட்டிக்கொண்டு வருவதைப் பாருங்கள். ஆண்டையிடம் அடிமையாய்க் கிடந்த நந்தன் தில்லையில் கலந்தபின் திரும்புவானா என்ற கேள்வி, கேட்பவர் நெஞ்சில் ஏற்கெனவே இருக்கிறது. அதே மெட்டில் சுதந்திரத்தை வைத்ததும், சுதந்திரமும் திரும்பி வர முடியாத ஒரு பயணம் என்பதை விளக்காமலே சொல்லியாகிவிட்டது.

சுருக்கமாக: நல்ல எதிர்ப்புப் பாட்டுக்கு மெட்டு புதிதாக இருக்க வேண்டியதில்லை. பழையதாக இருந்தால் கற்கும் நேரம் மிச்சம். பழைய உணர்ச்சியும் கூடவே வரும்.

## முன்பாட்டு, பின்பாட்டு, ஜிப்பர்

ஒருவர் ஒரு வரியை எடுப்பது முன்பாட்டு. கூட்டம் அதற்குப் பதிலாகப் பாடுவது பின்பாட்டு. கூத்திலும் பஜனையிலும் நாம் பார்க்கும் அதே முறை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் தாள் இல்லாமல் பாட இதைவிட எளிய வழி கிடையாது.

இதன் அடுத்த படியை அமெரிக்கப் பாடகர்கள் ஜிப்பர் பாட்டு என்பார்கள். வரி முழுக்க அப்படியே நிற்கும்; ஒரே ஒரு சொல்லைக் கழற்றிவிட்டு வேறு சொல்லைப் பூட்டலாம். 1961, 62-ல் ஜார்ஜியா மாநிலத்தின் ஆல்பனி நகரில், 'யாரும் என்னைத் திருப்பிவிட முடியாது' என்ற பொருள் வரும் பழைய சபைப் பாட்டில் 'யாரும்' இருந்த இடத்தில் போலீஸ் தலைவர் பிரிச்சட் பெயரைப் பூட்டினார்கள். அடுத்த அடியில் மேயர் பெயர். அடுத்ததில் சிறை. அன்று காலை நடந்த சங்கதி மாலைக் கூட்டத்தில் பாட்டாகிவிடும். கூட்டம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒரு சொல் மட்டுமே.

## ஊர்வலத்தில் பாட்டு ஏன் சிதறுகிறது?

சேர்ந்து பாடுவது சுலபம் என்று நினைத்து இறங்கும் பல ஊர்வலங்களில் பத்து நிமிடத்தில் பாட்டு கந்தலாகிவிடும். காரணம் ஆர்வக் குறைவு இல்லை, ஒலியின் வேகம். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ஊர்வலம் 200 மீட்டர் நீளம் என்றால், முன்னால் பாடுவது கடைசியில் இருப்பவர் காதில் விழ 0.6 நொடி ஆகும். சாதாரண நடை நிமிடத்துக்கு 100 அடி என்று வைத்தால், ஓர் அடிக்கும் அதே 0.6 நொடி. அதாவது வால் தலையைவிட ஒரு முழுத் தாளம் பின்தங்கிப் பாடும். நடுவில் இருப்பவருக்கு இரண்டும் குழம்பிக் கேட்கும்.

சுமார் 50 மீட்டருக்கு ஒருவராக முன்பாட்டுக்காரரை நிறுத்தினால் அந்தந்தக் கூட்டம் தனக்குள் சேர்ந்து பாடும். இந்த நால்வரும் கிளம்புவதற்கு முன்பே பாட்டின் வரிசையைப் பேசிவைத்துக்கொள்ள வேண்டும். பறையோ டிரம்மோ இருந்தால் ஊர்வலத்தின் நடுவில் வைப்பது நல்லது. முகப்பில் வைத்தால் படத்துக்கு அழகு, பாட்டுக்குக் கெடுதல்.

இரண்டாவது தப்பு சுருதியில் வரும். பழக்கமில்லாத குரல்கள் வசதியாகப் பாடக்கூடியது ஏறக்குறைய ஒரு ஸ்தாயி அளவுதான். எடுப்பவர் உற்சாகத்தில் மேலே பிடித்துவிட்டால், மெட்டு உச்சத்துக்கு ஏறும் இடத்தில் பாதிப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள். உச்சத்தில் வரும் வரியை முதலில் மெல்லப் பாடிப் பார்த்து, அங்கிருந்து கீழே இறங்கி ஆரம்ப சுருதியைப் பிடிப்பதுதான் அனுபவசாலிகள் வழி.

நடக்கும் பாட்டுக்கு நம் சரித்திரத்திலேயே அருமையான உதாரணம் உண்டு. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் சுமார் 100 தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கக் கிளம்பினார்கள். நடந்தே போக வேண்டியது 150 மைல். அந்த நடைக்கென்று நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை எழுதியது 'கத்தி யின்றி ரத்த மின்றி யுத்த மொன்று வருகுது'. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடந்து பாருங்கள். கத்தி, யின்றி, ரத்த, மின்றி, யுத்த, மொன்று, வருகு என்று அடிக்கொரு துண்டு விழும். எட்டாவது அடியில் 'து'. அங்கே மூச்சு வாங்க இடம். எட்டு அடிக்கு ஒரு வரி. அதன் அடுத்த வரி 'நம்பும் யாரும் சேருவீர்' என்று முடிகிறது. வழியோரத்தில் நிற்பவனுக்கு அது அழைப்பு. தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர்க் கலெக்டர் தோர்ன் எச்சரித்திருந்தார். சோற்றுக்குத் தடை போட முடிந்தது. வரப்பில் நின்று ஒருமுறை கேட்டாலே மனத்தில் தங்கிவிடும் பாட்டுக்கு எப்படித் தடை போடுவது?

## அதே பாட்டு, வேறு முடிவு

'பாட்டால் வந்த வெற்றி' என்ற பேச்சைச் சோதிக்க ஆல்பனியைவிட நல்ல இடம் இல்லை. அமெரிக்கக் கறுப்பர்கள் சம உரிமை கேட்டு நடத்திய சிவில் உரிமைப் போராட்டத்தில் அந்த ஊர் அளவுக்குப் பாடிய ஊர் குறைவு. ஆனால் போலீஸ் தலைவர் பிரிச்சட் கெட்டிக்காரர். எதிராளியின் அகிம்சை முறையைப் படித்துவைத்திருந்தார். கேமரா முன் யாரையும் அடிக்க விடவில்லை. சுற்று வட்டாரச் சிறைகளில் முன்கூட்டியே இடம் பேசிவைத்து, கைதானவர்களை அங்கங்கே பிரித்து அனுப்பினார். போராட்டக்காரர்கள் நிரப்பித் திணறடிக்க நினைத்த சிறை நிரம்பவே இல்லை. பஸ், பூங்கா, நூலகம், உணவு விடுதி என்று எல்லா இடத்திலும் இருந்த நிறப் பிரிவினையை ஒரே நேரத்தில் எதிர்த்ததால் கோரிக்கையும் சிதறிக் கிடந்தது. நகராட்சியிடமிருந்து உருப்படியாக எதையும் பெற முடியாமல் 1962 ஆகஸ்டில் மார்ட்டின் லூதர் கிங் அந்த ஊரைவிட்டுப் போனார்.

அடுத்த ஆண்டு அலபாமாவின் பர்மிங்ஹாமில் பாடியதும் பெரும்பாலும் அதே பாட்டுகள்தான். திட்டம் மட்டும் மாறியது. நகரின் நடுவிலுள்ள கடைகளைக் குறிவைத்தார்கள். ஈஸ்டர் வியாபார நேரமாகப் பார்த்துத் தொடங்கினார்கள். மே 2 அன்று பள்ளிப் பிள்ளைகள் பாடிக்கொண்டே தெருவுக்கு வந்தார்கள். சிறை நிரம்பி வழிந்தது. மறுநாள் அவர்கள் மீது தீயணைப்புக் குழாய்த் தண்ணீரையும் நாய்களையும் ஏவிய காட்சி உலகம் முழுக்கப் போனது. மே 10 அன்று உடன்பாடு வந்தது.

பாட்டு இரண்டு ஊரிலும் தன் வேலையை முழுசாகச் செய்தது: ஆட்களைச் சேர்த்தது, பயத்தை இறக்கியது. சேர்ந்த பலத்தை எந்தக் கயிற்றில் கட்டி இழுப்பது என்பதைத் தீர்மானித்தது அமைப்பும் திட்டமும்.

எஸ்தோனியாவையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். 1988-ல் தாலின் நகரப் பாட்டு மைதானத்தில் லட்சக்கணக்கில் கூடிப் பாடினார்கள், 1991-ல் சோவியத் யூனியனிடமிருந்து சுதந்திரம் கிடைத்தது என்று சுருக்கிச் சொல்வதுண்டு. அந்த நாட்டில் 1869 முதலே பெரிய பாட்டுத் திருவிழாக்கள் நடந்துவந்தன என்பது விட்டுப்போகிறது. ஊருக்கு ஊர் சேர்ந்திசைக் குழு இருந்தது. கூடிப் பழகிய மக்களுக்கு அது இன்னொரு கூட்டம். எதைப் பாடுவது என்பதுதான் மாறியது.

## கேட்கிற பாட்டின் வேலை

இப்போது முன்பு ஒதுக்கிவைத்ததற்கு வரலாம். 1962-ல் ஆல்பனி போராட்டத்திலிருந்து ஃப்ரீடம் சிங்கர்ஸ் என்ற நால்வர் குழு கிளம்பி, வட மாநிலங்களில் ஊர் ஊராகப் பாடியது. கேட்க வந்தவர்கள் சிறைக்குப் போகவில்லை. ஆனால் பணம் கொடுத்தார்கள். செய்தித்தாளில் வராத சங்கதியைக் காதாரக் கேட்டுப் போனார்கள். வானொலியிலும் இசைத்தட்டிலும் வரும் பாட்டு இந்த வகை. செய்தியும் நிதியும் அனுதாபமும் சேர்க்கும். லட்சம் பேர் கேட்டதை லட்சம் பேர் தெருவுக்கு வந்ததாகக் கணக்கு எழுதும்போதுதான் ஏமாற்றம் வருகிறது.

## அரசு பாட்டை என்ன செய்யும்?

முதலில் தடுக்கும். 1928-ல் பர்மா அரசைத் தொடர்ந்து சென்னை அரசும் பாரதியாரின் பாட்டுப் புத்தகங்களைப் பறிமுதல் செய்ய உத்தரவிட்டது. அவர் இறந்து ஏழு ஆண்டு ஆகியிருந்தது. சட்டசபையில் சத்தியமூர்த்தி அதை எதிர்த்து முழங்கினார். சிலியில் 1973-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த சில நாட்களுக்குள் பாடகர் விக்டர் ஹாராவைக் கொன்றது.

பிறகு, காலம் மாறினால், தழுவிக்கொள்ளும். 1928-ல் பறிமுதலான அதே பாடல்களின் உரிமையைச் சென்னை அரசே 1949-ல் வாங்கிப் பின்னர் நாட்டுக்குப் பொதுவாக்கியது. இடையில் 21 ஆண்டு. ஆண்டவர்கள் மாறியிருந்தார்கள்.

தழுவும்போது பாட்டுக்கு என்ன ஆகிறது என்பதைப் புரிந்துகொள்ள நம் மொழி ஒரு நல்ல கருவி. ஆங்கிலத்தில் 'வீ' என்று ஒரே சொல். நாம் மொழிபெயர்க்கும்போது தேர்ந்தெடுத்தாக வேண்டும்: 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே, 'நாம்' என்றால் கேட்பவரும் உள்ளே. சார்ல்ஸ்டன் ஆலை வாசலில் பாடியது 'நாங்கள் வெல்வோம்'. முதலாளி அதில் இல்லை. ஹைலாண்டரின் இருட்டிலும் 'நாங்கள்'தான். துப்பாக்கி வைத்திருந்தவர் அதில் இல்லை.

1965 மார்ச் 7 அன்று செல்மா நகரப் பாலத்தில், வாக்குரிமை கேட்டு நடந்தவர்களைப் போலீஸ் அடித்து நொறுக்கியது. எட்டு நாள் கழித்து ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் காங்கிரஸில் பேசினார். அநீதியின் சுமையைக் கடக்க வேண்டியவர்கள் கறுப்பர்கள் மட்டும் இல்லை, எல்லோரும்தான் என்று சொல்லிவிட்டு, நிறுத்தி நிதானமாக, 'வீ ஷல் ஓவர்கம்' என்றார். அன்று அது 'நாம்' ஆனது. ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டத்தில் அவர் கையெழுத்திட்டார்.

பெரிய வெற்றி அது, சந்தேகமே இல்லை. அதோடு பாட்டின் கூரும் கொஞ்சம் மழுங்கியது. ஜனாதிபதியே பாடும் வரியை யாரை எதிர்த்துப் பாடுவது? அடுத்த ஓரிரு ஆண்டுகளில் களத்திலிருந்த இளைஞர் பலருக்கு அது சாதுப் பாட்டாகப் பட்டது; வேறு முழக்கங்களைத் தேடிப் போனார்கள். எதிர்ப்புப் பாட்டு ஜெயித்தால் பொதுப் பாட்டாகும். பொதுப் பாட்டானால் அடுத்த போராட்டம் வேறொன்றைத் தேடும், அல்லது பழையதிலேயே ஒரு சொல்லை மாற்றிக்கொள்ளும்.

## யாருடைய பாட்டு?

கடைசியாக ஒரு நடைமுறைக் கேள்வி. பல கைகள் பட்டு உருவான பாட்டுக்குக் காப்புரிமை, அதாவது அச்சிடவும் விற்கவும் பதிவுசெய்யவும் ஒருவருக்கு மட்டும் உள்ள சட்ட உரிமை, யாருக்கு? 1960-களின் தொடக்கத்தில் 'வீ ஷல் ஓவர்கம்' நால்வர் பெயரில் பதிவானது: ஹைலாண்டரில் இசை கற்பித்த ஸில்ஃபியா ஹார்ட்டன், கை கரவான், ஃபிராங்க் ஹாமில்டன், பீட் சீகர். வேறு யாராவது சொந்தம் கொண்டாடி விற்றுவிடக் கூடாது என்பதே நோக்கம் என்றார்கள். வந்த பணமும் தென் மாநிலக் கறுப்பர்களின் பணிகளுக்கான ஒரு நிதிக்குப் போனது.

பின்னாளில் வழக்கு வந்தது. பழைய பாட்டுக்கும் பதிவான பாட்டுக்கும் முதல் அடியில் என்ன வித்தியாசம் என்று நீதிமன்றம் வைத்துப் பார்த்தது. 'வில்' என்பது 'ஷல்' ஆகியிருந்தது. இன்னும் ஓரிரு சின்ன மாற்றங்கள். புதுப் படைப்பு என்று சொல்ல இது போதாது என்று 2017-ல் தீர்ப்பானது. 2018 ஜனவரியில் சமரசம் ஏற்பட்டு, பாட்டு எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது.

'நான்' என்பதை 'நாங்கள்' ஆக்கிய சார்ல்ஸ்டன் ஆலைப் பெண்களில் ஒருவர் பெயர்கூட அந்தப் பதிவில் இருந்ததில்லை.